ஜூன் 24க்கு இருவர், ஜூன் 17க்கு மூவர்: ஒரே பிறந்தநாள் எப்படி உண்டாகிறது?

கவியரசு கண்ணதாசன் 1927ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் காரைக்குடியை அடுத்த சிறுகூடல்பட்டியில் பிறந்தார். மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் சரியாக ஓராண்டு கழித்து, 1928ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், பாலக்காட்டுக்கு அருகிலுள்ள எலப்புள்ளியில் பிறந்தார். சிங்கப்பூரில் பழைய திரைப்பாடல் நிகழ்ச்சியை ஜூன் மாதத்தில் நடத்தும் அறிவிப்பாளர்கள் இந்தச் செய்தியைச் சொல்லாமல் விடுவது அரிது. சொன்னதும் அரங்கில் ஓர் ‘அட!’ எழும், பின்னாலேயே கைதட்டலும் வரும். மெட்டையும் சொல்லையும் பிரிக்க முடியாதபடி பாட்டுக் கட்டிய இருவர் ஒரே நாளில் பிறந்திருப்பது வெறும் தற்செயலாக இருக்குமா என்ற கேள்வி அந்த ‘அட!’வுக்குள் ஒளிந்திருக்கிறது.

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் கூடும் தமிழ் வாசகர் குழுவுக்காக, ‘இந்த வாரம் பிறந்த கலைஞர்கள்’ என்று அறிவிப்புப் பலகைக்கு ஒரு பக்கம் தயாரித்துக் கொடுக்கும் வேலை சில ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. ஓவியம், இசை, வடிவமைப்பு ஆகிய மூன்று துறைகளிலிருந்தும் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது நானாக வைத்துக்கொண்ட விதி. தொடக்கத்தில் ஒரே தேதியில் பிறந்தவர்களிடையே ஏதாவது ஒற்றுமை தென்படும் என்று நம்பித்தான் தேடினேன். தென்பட்டது வேறு. ஒரே பிறந்தநாள் என்பது பிள்ளை பிறக்கும் அறையில் உண்டாவதைக் காட்டிலும், பதிவேட்டிலும் பஞ்சாங்கத்திலும், பின்னாளில் பட்டியல் போடுகிறவர் கையிலும்தான் பெரும்பாலும் உண்டாகிறது. எப்படி என்று விளக்குவதற்கு முதலில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஓர் அறையில் 23 பேர் இருந்தால் அவர்களுள் யாரேனும் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைவதற்கான வாய்ப்பு 50.7 விழுக்காடு. 57 பேர் இருந்தால் அது 99 விழுக்காட்டைத் தொட்டுவிடும். ஆண்டுக்கு 365 நாள் இருக்க, 23 பேருக்குள் இது எப்படிச் சாத்தியம் என்று தோன்றும். காரணம், நாம் ஆள்களை எண்ணுகிறோம். எண்ண வேண்டியது ஜோடிகளை. 23 பேரும் ஒருவரோடொருவர் கைகுலுக்கினால் மொத்தம் 253 கைகுலுக்கல்கள் நடக்கும். ஒவ்வொன்றும் ஒரே தேதி அமைவதற்கான ஒரு வாய்ப்பு. ஆனால் “என் பிறந்தநாளில் பிறந்தவர் இங்கே யாராவது உண்டா?” என்று நீங்கள் கேட்டால் கணக்கு அடியோடு மாறிவிடும். அதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமானால் உங்களைத் தவிர 253 பேர் தேவை. இந்த இரண்டு கேள்விகளையும் மனம் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் வியப்பு வருகிறது. தமிழ்த் திரையிசையில் பெயர்பெற்ற கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் என நூறு பேரைப் பட்டியலிட்டால் அவர்களுக்குள் 4,950 ஜோடிகள் உண்டு. சராசரியாகப் பதின்மூன்று ஜோடிகளுக்கு மேல் ஒரே தேதி அமைந்தே தீரும். அந்தத் துறையில் எல்லாரும் எல்லாரோடும் வேலை செய்தவர்கள் என்பதால், அந்தப் பதின்மூன்றில் ஒன்று புகழ்பெற்ற கூட்டணியாக இருப்பதில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. சொல்லிவிட்டேனே தவிர, ஜூன் 24 வரும்போது எனக்கும் அந்த ‘அட!’ வரத்தான் செய்கிறது.

கண்ணதாசன் வாரத்துக்குப் பக்கம் தயாரிக்கும்போது என் விதிப்படி ஒரு வடிவமைப்பாளரைத் தேடினேன். நெதர்லாந்தின் கெரிட் ரீட்வெல்ட் கிடைத்தார். பிறந்தது 1888 ஜூன் 24. சிவப்பும் நீலமுமான பலகைகளைக் குச்சிகளில் தாங்கி நிற்கும் அவருடைய நாற்காலியின் படத்தை வடிவமைப்பு மாணவர்கள் அறிவார்கள். ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான் இன்னும் வளமானது. ஜூன் 17 என்ற ஒற்றைத் தேதியில் ஓர் இசையமைப்பாளர், ஓர் ஓவியர், ஒரு வடிவமைப்பாளர் என மூவரும் நான் தேடாமலேயே வரிசையில் வந்து நின்றார்கள்: ரஷ்யாவின் ஈகோர் ஸ்ட்ராவின்ஸ்கி (1882), நெதர்லாந்தின் எம்.சி.எஷர் (1898), அமெரிக்காவின் சார்லஸ் ஈம்ஸ் (1907).

இவர்களில் தமிழ் வாசகர்களுக்கு மிக நெருக்கமானவராக ஈம்ஸையே சொல்வேன். அவரும் மனைவி ரே ஈம்ஸும் இந்திய அரசின் அழைப்பின்பேரில் இந்தியா முழுவதும் பயணம் செய்து, 1958இல் ஓர் அறிக்கை அளித்தனர். அதன் விளைவாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் தாங்கள் பார்த்து வியந்த பொருள்களிலெல்லாம் ஆகச் சிறந்ததாக அந்த அறிக்கை சுட்டியது எந்தக் கோவிலையும் அரண்மனையையும் அன்று; லோட்டாவை, அதாவது நம் வீட்டுச் சொம்பை. அதை ஒருவர் புதிதாக வடிவமைப்பதானால் எவற்றையெல்லாம் எண்ண வேண்டும் என்று அறிக்கை அடுக்கிக்கொண்டே போகிறது: எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், தூக்குபவர் கை எத்தனை பெரியது, இடுப்பில் வைப்பதா தலையில் வைப்பதா, நிறைந்திருக்கும்போது எடை எங்கே நிற்கும், காலியானால் எங்கே நிற்கும், ஊற்றும்போது நீர் எப்படி விழும், உள்ளே கைவிட்டுக் கழுவ முடியுமா, விலை என்ன, தட்டினால் என்ன ஓசை. தனி ஒருவர் அதை வடிவமைத்துவிடவில்லை, பல தலைமுறைகள் சேர்ந்து வடித்தெடுத்தன என்றும் அது சொல்கிறது.

இதைப் படித்த பிறகு தேக்காவில் ஒரு பாத்திரக் கடைக்குப் போய் எவர்சில்வர் சொம்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளிப்பக்கமாக விரிந்த விளிம்புக்குக் கீழே கழுத்து ஒடுங்கும் இடத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே போய் அமர்கின்றன. உருண்ட வயிறு உள்ளங்கையில் பொருந்துகிறது. நீர் நிரப்பிச் சாய்த்தால் விளிம்பு நீரை ஒழுகவிடாமல் ஒரே தாரையாக விடுகிறது. பிறந்ததிலிருந்து புழங்கிய பொருளை செயின்ட் லூயிஸ் நகரத்துக்காரர் ஒருவர் எடுத்துச் சொல்லித்தான் நான் முதன்முறையாக உற்றுப் பார்த்தேன் என்பது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

மூவரையும் ஒரே பக்கத்தில் வைத்ததும் அவர்களை இணைக்க ஒரு சரடு தேடும் ஆசை வந்துவிடுகிறது. எஷர் பறவையையும் மீனையும் இடைவெளியே விடாமல் ஒன்றோடொன்று பொருத்தித் தாள் முழுவதும் நிரப்பினார். ஸ்ட்ராவின்ஸ்கி சிறு சிறு தாளத் துண்டுகளைத் திரும்பத் திரும்ப அடுக்கி, 1913இல் பாரிஸ் அரங்கு ஒன்றில் கூச்சல் எழும்படி செய்தார். ஈம்ஸ் ஒரே அச்சில் வார்த்த இருக்கையை வெவ்வேறு கால்களில் பொருத்தி நாற்காலிகள் செய்தார். ஆகவே, ஒரு சிறு அலகைப் பெருக்கிப் பெரிதொன்றைக் கட்டுவது ஜூன் 17இல் பிறந்தவர்களின் இயல்பு என்று எழுதிவிடலாம். படிக்கவும் நன்றாகத்தான் இருக்கும். டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸும் இதே தேதியில் (1980) பிறந்தவர். பந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார் என்று அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். எந்த மூன்று கலைஞர்களை எடுத்தாலும் இப்படி ஒரு சரடு திரித்துவிட முடியும். அது நம் திறமை, தேதியின் திறமை இல்லை.

இந்த மூவரில் ஒருவர் அந்தத் தேதியில் இருப்பதே தகராறுக்குரியது. ஒருமுறை நான் ஸ்ட்ராவின்ஸ்கியை ஜூன் 18க்கு எழுதி ஒட்டிவிட்டேன். குழுவுக்குத் தவறாமல் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், “தம்பி, போன வருசம் பதினேழுன்னு போட்டிருந்தீங்க, இந்த வருசம் உங்க ரஷ்யக்காரர் ஒரு நாள் தள்ளிப் பிறந்திருக்காரே?” என்று கேட்டார். தவறு என்னுடையதுதான், ஆனால் அந்தத் தவறுக்கு ஸ்ட்ராவின்ஸ்கியும் துணை. அவர் பிறந்தபோது ரஷ்யா பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றியது; அதன்படி அவர் பிறந்த தேதி ஜூன் 5. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நாள்காட்டி, நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாள்காட்டியைவிட 12 நாள் பின்தங்கியிருந்ததால் அது ஜூன் 17 ஆகிறது. பிறகு 1900ஆம் ஆண்டு வந்தது. ஜூலியன் கணக்கில் அது லீப் ஆண்டு. கிரிகோரியன் கணக்கில், நூறால் வகுபட்டும் நானூறால் வகுபடாததால், லீப் ஆண்டு இல்லை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 13 நாளாயிற்று. பழைய ஜூன் 5ஐப் பிடித்துக்கொண்டு எண்ணினால் இருபதாம் நூற்றாண்டில் அது ஜூன் 18. ஸ்ட்ராவின்ஸ்கி அந்தத் தேதியில்தான் பிறந்தநாள் கொண்டாடிவந்தார். அவர் கொண்டாட்டத்தை நம்பினால் எஷரும் ஈம்ஸும் அவரோடு சேரமாட்டார்கள். கலைக்களஞ்சியத்தை நம்பினால் சேர்வார்கள்.

இதே நாள்காட்டிச் சிக்கலின் மறுபக்கம் ஜனவரி 6. ஏ.ஆர்.ரகுமான் 1967இல் பிறந்த அந்தத் தேதியில் ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் ஸ்கிரியாபின் பெயரும் வருகிறது. ஆனால் அவர் பிறந்த அன்று அவருடைய ஊரில் 1871ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள். நாள்காட்டியை மாற்றி எண்ணும்போது தேதி மட்டுமல்ல, ஆண்டே 1872 என்று மாறிவிடுகிறது. ஓவியக் கணக்குக்கு அன்றைக்கு நூல் சித்திரங்களால் புகழ்பெற்ற குஸ்தாவ் டோரே (1832) இருக்கிறார். அவர் பிரெஞ்சுக்காரர் என்பதால் தேதியில் குழப்பமில்லை.

ரஷ்யர்களைப் பார்த்துச் சிரிப்பதற்குமுன் நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே ஆளுக்கு ஆண்டில் இரண்டு பிறந்தநாள். ஆங்கிலத் தேதியில் கேக் வெட்டுவார்கள். ஜென்ம நட்சத்திரம் வரும் நாளில் கோவிலுக்குப் போய்ப் பெயர், ராசி, நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வார்கள். தமிழ் மாதமும் நட்சத்திரமும் சேர்ந்ததே மரபான பிறந்தநாள். மாதம் சூரியனைக் கொண்டு அமைகிறது. நட்சத்திரம் நிலா நிற்கும் இடத்தைக் கொண்டு அமைகிறது. நிலா 27 நட்சத்திரங்களையும் ஏறக்குறைய 27.3 நாளில் சுற்றிவந்துவிடுவதால், ஆங்கில நாள்காட்டியில் அந்தப் பிறந்தநாள் ஆண்டுதோறும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு மாதம், 27 நட்சத்திரம் என்று பெருக்கினால் 324 இணைகள்தாம். ஆகவே பாட்டி கணக்கில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைய பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமானால் 23 பேர்கூட வேண்டாம், 22 பேரே போதும்.

இப்போது கண்ணதாசனுக்கும் விஸ்வநாதனுக்கும் திரும்புவோம். 1927 ஜூன் 24க்கும் 1928 ஜூன் 24க்கும் இடையே 366 நாள். அந்த இடைவெளியில் நிலா பதின்மூன்று முறை முழுதாகச் சுற்றிவிட்டு, அடுத்த சுற்றில் பத்துப் பதினொரு நட்சத்திரம் தள்ளிப் போயிருக்கும். அதாவது, இருவருக்கும் ஒரே நட்சத்திரம் இருக்க வழியே இல்லை. இருவரும் ஆனி மாதத்துப் பிள்ளைகள், அவ்வளவே. செட்டிநாட்டு வீட்டிலும் பாலக்காட்டு வீட்டிலும் பெரியவர்கள் அந்தக் காலத்தில் மனத்தில் குறித்து வைத்திருக்கக்கூடிய பிறந்தநாள்கள் வேறு வேறு. அரங்கில் நாம் கைதட்டும் அந்த ஒற்றுமை, ஆங்கிலத் தேதி நம் வாழ்க்கையில் வேரூன்றிய பிறகே காணக் கிடைத்தது. கர்நாடக இசை மும்மூர்த்திகளைப் பொறுத்தவரை மரபு இன்னும் பழைய கணக்கிலேயே நிற்கிறது: தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6 என்று நூல்கள் சொன்னாலும், திருவையாற்றிலும் சரி, சிங்கப்பூரிலும் சரி, பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாட யாரும் ஜனவரி 6க்குக் காத்திருப்பதில்லை, புஷ்ய பகுள பஞ்சமித் திதி எப்போது வருகிறது என்றே பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார்கள்.

பதிவேடு என்றேனே, அதற்கும் வருகிறேன். என் அப்பாவின் அடையாள அட்டையில் உள்ள பிறந்த தேதி, ஊரில் பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் ‘வயது சரியாக வரட்டும்’ என்று எழுதிவிட்டது. உண்மையில் அவர் பிறந்தது ஒரு பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்பு என்பது மட்டும் வீட்டில் தெரியும். அந்தத் தலைமுறையினர் பலரிடம் விசாரித்தால் இதே கதை வரும். தமிழர்களுக்கு மட்டும் உரிய கதை என்று நினைத்திருந்தேன், சிற்பி அலெக்சாண்டர் கால்டரைப் பற்றிப் படிக்கும்வரை. காற்றில் அசையும் தொங்கு சிற்பங்களைப் படைத்த இந்த அமெரிக்கர், தாம் பிறந்தது 1898 ஆகஸ்ட் 22 என்றே வளர்ந்தார். வீட்டில் அந்த நாளில்தான் கொண்டாடினார்கள். நாற்பது வயதைத் தாண்டியபின் பிலடெல்பியா நகர அலுவலகத்துக்கு எழுதிப் பிறப்புச் சான்றிதழ் வாங்கியபோது அதில் ஜூலை 22 என்று இருந்தது. அதிகாரிகள் தவறாக எழுதிவிட்டார்கள் என்று அவர் தாயார் கடைசிவரை சாதித்தார்.

யாரை நம்புவது என்பது என் போன்ற பட்டியல்காரனுக்குப் பெரிய கேள்வி. எழுத்தரை நம்பினால் கால்டருக்குக் கிடைக்கும் கூட்டாளிகள், தனிமையை வரைந்த ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் (1882), இந்திப் பாடகர் முகேஷ் (1923), அவர்களோடு நம் தேசிய கீதத்தை இயற்றிய ஸுபிர் சைட் (1907). சுமத்ராவின் புக்கிட்திங்கியில் பிறந்து 1928இல் சிங்கப்பூருக்கு வந்தவர் ஸுபிர் சைட். 1958இல் விக்டோரியா அரங்கத்தின் மறுதிறப்புக்காக நகர மன்றம் கேட்டு அவர் எழுதிய ‘மாஜுலா சிங்கப்பூரா’ மறு ஆண்டே நாட்டுப் பாடலாயிற்று. கலைகளுக்கான பள்ளி நிற்கும் சாலைக்கு இன்று அவர் பெயர். தாயாரை நம்பினாலோ கால்டர் ஒரு மாதம் தள்ளிப்போய், இசையமைப்பாளர் டெபுஸி (1862), புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸோன் (1908) ஆகியோருடன் சேர்ந்துவிடுவார். அது சென்னை தினமும்கூட. பிள்ளையைப் பெற்றவளுக்கு மாதம் தெரியாதா என்று ஒரு மனம் கேட்கிறது. பலகையில் நான் ஜூலை 22ஐயே எழுதினேன். ஸுபிர் சைட்டுக்குப் பக்கத்தில் கால்டரை வைக்க வேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தேதி மாறுவதற்கு ஒரு மாதம் வேண்டாம். சில நிமிடங்களே போதும். பிப்ரவரி 25 என்ற தேதியில் ஓவியர் ரெனுவார் (1841), யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிங்கப்பூரின் தேசிய உறுதிமொழியை எழுதிய எஸ்.ராஜரத்தினம் (1915), பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் (1943) மூவரையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆனால் தாம் பிறந்தது நள்ளிரவுக்குச் சற்று முன்பு, ஆகவே தம் பிறந்தநாள் 24 என்று ஹாரிசன் பிற்காலத்தில் சொல்லத் தொடங்கினார். நள்ளிரவில் நாள் மாறுவதாகக் கொள்வதால் வரும் வினை இது. நம் மரபில் சூரிய உதயத்தில்தான் நாள் பிறக்கிறது. அதிகாலை இரண்டு மணிக்குப் பிறந்த குழந்தையைச் சான்றிதழ் செவ்வாய்க்கிழமைப் பிள்ளை என்னும், பாட்டி திங்கட்கிழமைப் பிள்ளை என்பார். சிங்கப்பூரிலோ இதைவிட விசித்திரமான இரவு ஒன்று உண்டு. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குக் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டு, நேரடியாக 1982 ஜனவரி 1 பிறந்தது. அந்த ஆண்டின் கடைசி அரை மணி நேரத்தில் இந்த நாட்டில் யாருமே பிறக்கவில்லை. பிறப்பதற்கு அந்த அரை மணி நேரமே இல்லை. அப்போது பிறந்த பிள்ளைகளெல்லாம் சான்றிதழில் புத்தாண்டுப் பிள்ளைகள்.

இவையெல்லாம் தெரியாமல் நேர்ந்தவை. தெரிந்தே மாற்றிக்கொண்ட பிறந்தநாளும் நம்மிடையே உண்டு. இளையராஜாவும் மணிரத்னமும் ஜூன் 2இல் பிறந்தவர்கள் என்று ஆண்டுதோறும் வாழ்த்துகள் சேர்ந்தே வரும். 1983 முதல் 1991 வரை இருவரும் தொடர்ந்து சேர்ந்து படங்கள் செய்தவர்கள் என்பதால் இதற்கும் ஓர் ‘அட!’ உண்டு. ஆனால் இளையராஜா பிறந்தது 1943 ஜூன் 3. தமக்கு ‘இசைஞானி’ என்ற பட்டத்தைத் தந்த மு.கருணாநிதியின் பிறந்தநாளும் ஜூன் 3 (1924) என்பதால், அந்த நாள் அவருக்கே உரியதாக இருக்கட்டும் என்று தம் கொண்டாட்டத்தை ஒரு நாள் முன்னே நகர்த்திக்கொண்டார். இருக்கிற ஓர் ஒற்றுமையை மரியாதையின் பொருட்டு விலக்கியபோது, இன்னோர் ஒற்றுமை தானாக வந்து சேர்ந்தது. அந்த ஜூன் 2இலோ கூட்டம் அதிகம்: ஆங்கிலேய இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் (1857), கறுப்புத் தாளைக் கத்தரித்து நிழலுருவங்களை அசையவைத்து 1926இலேயே முழுநீள அசைவூட்டப் படம் எடுத்த ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் (1899; வாயாங் கூலிட் என்னும் நிழற்பாவைக் கூத்தைப் பார்த்து வளர்ந்த இந்த வட்டாரத்து மக்களுக்கு அவர் கலை உடனே பிடிபடும்), ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் டிரம்ஸ் வாசிக்க வருமுன் விளம்பர நிறுவனத்தில் வரைகலை வடிவமைப்பாளராக இருந்த சார்லி வாட்ஸ் (1941).

ஒரு தேதியில் எத்தனை பேர் பிறந்திருந்தாலும் யார் பெயர் நிலைக்கிறது என்பதை நாடும் நிறுவனங்களும் முடிவு செய்கின்றன. செப்டம்பர் 16 என்றதும் இசை ரசிகர் எம்.எஸ்.சுப்புலட்சுமியை (1916) நினைப்பார். சிங்கப்பூரர் லீ குவான் இயூவை (1923) நினைப்பார். மலேசியர் 1963இல் தம் நாடு உருவான நாள் என்பார். ஏப்ரல் 29இல் ரவிவர்மா (1848), பாரதிதாசன் (1891), டியூக் எலிங்டன் (1899), தபலா மேதை அல்லா ரக்கா (1919), சுபின் மேத்தா (1936) என்று ஐவர் இருந்தும், 1982இல் அந்த நாளை உலக நடன நாளாக அறிவித்தவர்கள் பார்த்தது பிரெஞ்சு நடன ஆசிரியர் நோவேரின் (1727) பிறந்தநாளை. வளர்தமிழ் இயக்கம் ஏப்ரல் மாதம் முழுவதும் நடத்தும் தமிழ்மொழி விழாவினால், இங்கே அந்தத் தேதி பாவேந்தருடையது.

என் பலகையில் நான் மிக விரும்பும் தேதி நான்காண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. பிப்ரவரி 29இல் இத்தாலிய இசையமைப்பாளர் ரொஸ்ஸினி (1792), ஓவியர் பல்தூஸ் (1908) ஆகியோருடன் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேலும் (1904) இருக்கிறார். ஸ்ட்ராவின்ஸ்கியை ஒரு நாள் நகர்த்திய அதே 1900ஆம் ஆண்டில் லீப் நாள் விடுபட்டதால், எட்டு ஆண்டுக்குப் பிறகு உலகம் கண்ட முதல் பிப்ரவரி 29இல் பிறந்தவர் அவர். மொரார்ஜி தேசாயோ அந்த இடைவெளிக்கு முந்தைய கடைசி பிப்ரவரி 29இல், 1896இல், பிறந்தவர். 1977இல் பிரதமரானதும், குடியரசுத் தலைவராகும்படி ருக்மிணி தேவியைக் கேட்டார். அவர் மறுத்துவிட்டார்.

1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி நடனத்தோடு நிற்கவில்லை. ஆடையையும் மேடையையும் தாமே தீர்மானித்தார், தறிகளை அமைத்து அகன்ற கரை வைத்த பழைய பாணிச் சேலைகளை மீண்டும் நெய்யச் செய்தார். கலைஞர், வடிவமைப்பாளர் என்று என் விதியின் இரண்டு இடங்களை அவர் ஒருவரே நிரப்பிவிடுகிறார். அங்கே பயின்ற நீலா சத்யலிங்கம் கணவரோடு சிங்கப்பூருக்கு வந்து 1977இல் அப்சராஸ் ஆர்ட்ஸைத் தொடங்கியதால், இங்கே சலங்கை கட்டும் பல பிள்ளைகளுக்கு ருக்மிணி தேவி குருவின் குரு. 82 வயதை எட்டாமல் மறைந்த அவருக்கு, பிறந்த பிறகு வாய்த்த பிப்ரவரி 29கள் இருபது. ரொஸ்ஸினிக்குப் பதினெட்டு, நடுவே 1800ஆம் ஆண்டு அவரையும் ஏமாற்றியது. அடுத்தது 2028இல், செவ்வாய்க்கிழமை. அதற்கான பக்கத்தை இப்போதே எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். நட்சத்திரக் கணக்கில் ருக்மிணி தேவியின் பிறந்தநாள் மட்டும், இந்தச் சிக்கல் எதுவும் இல்லாமல், மாசிதோறும் வந்துபோய்க்கொண்டிருக்கிறது.